பட்டறையில் பிறந்த காருக்குப் பதிவெண் கிடைக்குமா?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் செல்கிறது. இந்த ஊர்களின் பட்டறைகளுக்குக் கார் செய்யத் தேவையான கைவேலை எதுவும் புதிதல்ல. டிராக்டர் டிரெய்லரை அடியிலிருந்து கட்டுகிறார்கள். பஞ்சாலை வேலை பார்த்துப் பழகிய லேத்காரர், தேய்ந்துபோன ஷாஃப்டைப் புரட்டிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். விபத்தில் நெளிந்த ஜீப் சேஸை நிமிர்த்தி, டிங்கர் தட்டி, பெயிண்ட் அடித்து அனுப்புகிறார்கள். கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி என்று படித்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை.

அப்படி ஒரு பையன் பழைய மாருதி 800 எஞ்சினை வாங்கி, சதுரக் குழாயில் சேஸ் பற்றவைத்து, ஃபைபரில் பாடி கட்டி, இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைச் செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பாகங்களை மொத்தமாக வாங்கி வீட்டிலேயே பூட்டி முடிக்கும் இத்தகைய வண்டிக்கு ‘கிட் கார்’ என்று பெயர். நம் பையன் தன் காரை டிஎன் 84 என்ற பதிவெண்ணோடு ஆண்டாள் கோயில் ரத வீதியில் ஓட்டிக்கொண்டு போக முடியுமா?

இன்றைய சட்டப்படி முடியாது. ஆனால் அந்தக் கார் எந்த இடத்தில் மறிக்கப்படுகிறது என்று பார்த்தால், சட்டம் எங்கே மாற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

புதிய வண்டியைப் பதிய படிவம் 20 வேண்டும். அதோடு விற்பனைச் சான்றான படிவம் 21, வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் படிவம் 22, இன்ஷூரன்ஸ். விண்ணப்பத்தில் சேஸ் எண்ணின் பென்சில் அச்சும் இருக்கும். எண் பொறித்த தகட்டின்மீது மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மேலோட்டமாகத் தேய்த்தால், எழுத்தும் எண்ணுமாகப் பதினேழும் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஷோரூம் ஊழியர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். நம் பையனின் சேஸில் தேய்த்தெடுக்க எண்ணே இல்லை. அவனே ஓர் எண்ணைப் பொறித்தாலும் செல்லாது. தயாரிப்பு நிறுவனம் அரசின் ‘வாகன்’ தளத்தில் ஏற்றிவைத்த விவரத்தோடு அது பொருந்த வேண்டும். படிவம் 22-இல் கையெழுத்திட ஒரு தயாரிப்பாளரும் வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் ஆவது எப்படி? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதி அதைச் சொல்கிறது. வண்டியின் முன்மாதிரியைப் புனேயில் உள்ள ஆராய், மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஆய்வு மையம் போன்ற ஓர் இடத்தில் சோதனைக்கு விட்டுச் சான்று வாங்க வேண்டும். பிரேக், ஹாரன், விளக்கு, கண்ணாடி, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். புகைக்கு 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 அளவு. இவற்றையெல்லாம் எப்படியோ தாண்டினாலும் மோதல் சோதனை நிற்கிறது. காரைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைக்கு எவ்வளவு அடி என்று அளப்பார்கள். லட்சம் கார் விற்கிற நிறுவனம் சிலவற்றை உடைக்கலாம். ஒரே ஒரு கார் செய்தவன் அதற்குச் சான்று வாங்க அதையே உடைத்தாக வேண்டும். இங்கேதான் வழி அடைபடுகிறது.

பட்டறைப் பக்கம் கேட்டால் வேறு வழி சொல்வார்கள். “ஒரு பழைய ஜீப்போட ஆர்சி புக்க வாங்கிப் போடுங்க அண்ணாச்சி, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்” என்பார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். ஆர்சி-யில் உள்ள வண்டி ஒன்று, ஓடுகிற வண்டி வேறொன்று என்றால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மீறிய செயல். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அபராதம்கூடப் பெரிதில்லை. அந்த வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. இழப்பீட்டுக்கு வீடு வாசலை விற்க வேண்டி வரலாம்.

இந்தத் தவிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவையில் ஜி.டி.நாயுடு 1952-இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தர மறுத்தது, தயாரிப்பு நின்றுபோனது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டவர், தொழிலில் பேரெடுத்தவர். அவருக்கே அந்தக் கதி. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு பட்டறைக்காரர், மகனின் ஆசைக்காகப் பழைய இரும்பையும் பாகங்களையும் சேர்த்து, சுமார் 60,000 ரூபாய் செலவில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 டிசம்பரில் அதன் வீடியோவைப் பகிர்ந்த மகிந்திரா நிறுவனத்தின் தலைவர் ஆனந்த் மகிந்திரா, விதிகளை மீறிய வண்டி என்பதால் அதிகாரிகள் என்றாவது அதை நிறுத்திவிடுவார்கள் என்று எழுதி, மாற்றாக ஒரு பொலிரோ தருவதாகச் சொன்னார். அடுத்த மாதம் பொலிரோ வந்தது, குட்டி ஜீப் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் ஒரு பெரிய மனிதர் கண்ணில் பட்டால்தான் விடிவு என்றால் அதை வழி என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. ஸ்டியரிங் ராடில் வெல்டிங் சரியாக இறங்கவில்லை என்றால் எதிரே வருபவரின் உயிரும் போகும். வட இந்தியாவில் நீரிறைக்கும் எஞ்சினைப் பூட்டி ஓட்டும் ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓடக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சரியான தீர்ப்பு. சோதனை கட்டாயம் வேண்டும். ஒற்றை வண்டிக்குப் பொருந்துகிற சோதனையாக அது இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் கோயில் தேரும் ஒற்றை வண்டிதான், அதைப் போல இன்னொன்று கிடையாது. தமிழ்நாட்டில் தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து அச்சையும் சக்கரத்தையும் பார்த்து உறுதிச் சான்று தருகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கும் தேர் அந்தச் சான்றோடுதான் நிலையை விட்டு நகர்கிறது.

இங்கிலாந்தில் காருக்கும் இப்படித்தான். அங்கே 1957-இல் லோட்டஸ் செவன் என்ற கார் வந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் இல்லை. ஆசைப்பட்டவர்கள் வீட்டு ஷெட்டில் கார் கட்டப் பழகினார்கள். 1973-இல் அந்த வரி போனது, பழக்கம் போகவில்லை. இப்போது அங்கே தனி வண்டிக்கென்றே ஓர் ஒப்புதல் முறை இருக்கிறது. ஆய்வாளர் ஒரே காரை எடுத்துக்கொண்டு பிரேக், விளக்கு, சீட் பெல்ட் பூட்டிய இடத்தின் பலம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான விளிம்பு என்று சரிபார்ப்பார். மோதவிட்டு உடைப்பதில்லை. எந்த ஆண்டுப் பாகம் என்று தெரியாத வண்டிக்கு ‘க்யூ’ என்று தொடங்கும் பதிவெண் தருவார்கள். வாங்குகிறவருக்கும் பின்னணி புரியும்.

நம் அரசும் மனம் வைத்தால் சட்டத்தில் இடம் கொடுக்கும். பட்டறைகளில் பாகம் பாகமாகப் பூட்டப்பட்ட இ-ரிக்‌ஷாக்களை 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அக்டோபரிலேயே அவற்றுக்கென்று விதி வந்தது. 2015-இல் சட்டமே திருத்தப்பட்டது. சிறு தயாரிப்பாளர்கள் பதிவு செய்த சங்கமாகச் சேர்ந்து ஒரு முன்மாதிரிக்கு ஒப்புதல் வாங்கவும் அந்த விதி இடம் தந்தது. 2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த பழங்கால வண்டிகளுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விஏ’ எழுத்தோடு தனிப் பதிவு முறை வந்தது. பத்தாண்டு செல்லும், தினசரி ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. மாற்றுத்திறனாளிகள் பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரை முறைப்படி ஆர்சி-யில் ஏற்றிக்கொள்ளச் சட்டம் முன்பிருந்தே அனுமதிக்கிறது.

ஒற்றைக் காருக்கும் இதே போல ஒரு விதி எழுதலாம். பதிவு அலுவலகமே சேஸ் எண் ஒதுக்கட்டும். ஒரகடம் மையம் வெல்டிங்கையும் பிரேக்கையும் புகையையும் பார்க்கட்டும். வேக வரம்பு வைக்கட்டும், செய்தவர் சில ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடும் போடட்டும். ஆண்டுக்கு எத்தனை வண்டி என்று உச்சவரம்பு வைத்தாலும் சரி.

அதுவரை கை துறுதுறுக்கும் பிள்ளைகள் கட்டிய காரைச் சுற்றுச்சுவருக்குள், பொதுமக்கள் வராத இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். சாலைக்கே வர வேண்டும் என்றால் முறையாகப் பதிந்த பழைய பைக்கிலோ காரிலோ ஒப்புதல் பெற்ற மின்சார கிட்டை, அங்கீகாரம் பெற்றவரிடம் பூட்டிக்கொள்ளலாம். அதை ஆர்சி-யில் ஏற்ற முடியும். மோட்டார் வாகன விதிகளில் மாற்றம் வரும்போதெல்லாம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுதிப் போட வேண்டியது டெல்லி பரிவாகன் பவனுக்கு. கல்லூரியின் இயந்திரவியல் துறையும் ஊரின் பட்டறைக்காரர்களும் சேர்ந்து, ஒற்றை வண்டிக்கு என்னென்ன சோதனை போதும் என்று பொறியியல் கணக்கோடு ஒரு மனு தயாரிக்கலாம். அதற்கு வரைவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.