கோழியும் குணமும்

தொல்காப்பிய மரபியலிலே விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரிய இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் எல்லாம் வகுத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. 'அளகு' என்பது அங்கே ஒரு பெண்பாற் பெயர். அப்பெயருக்கு உரிமை பெற்ற பறவைகள் மூன்றே. கோழி, கூகை, மயில். இந்தப் பகுதியை நெடுங்காலமாகப் பாடஞ் சொல்லி வருகிறேன். கோழிக்கும் கூகைக்கும் என்ன பொருத்தம் என்று மாணாக்கர் கேட்பதுண்டு. "மரபு" என்று சொல்லிவிட்டு நான் அப்பாற் செல்வதும் உண்டு. கூகையின் குணத்தை நான் அறியேன். கோழியின் குணத்தைக் கொத்து வாங்கியே அறிந்தேன்.

வீட்டிலே கோழி வளர்த்தவர் என் தாயார். நான் மச்சமாமிசம் தொடாதவன். ஆயினும் பேரப்பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும் என்பது தாயாரின் கட்சி. கோடிப்புறத்து வேம்பின் கீழே ஒரு கூடு, நான்கு ஊர்க்கோழிப் பேடுகள், ஒரு சேவல். அந்த நான்கினுள் மூத்தது கறுப்பி. அதைத் தாண்டி ஒருவரும் கூட்டுக்குக் கிட்டப் போக முடியாது. தாயார் மாத்திரம் போவார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டது. வேலையற்ற பண்டிதன் வேண்டாத புத்தகம் படிப்பான். நான் கோழி வளர்ப்பு நூல்களைப் படித்தேன். வெள்ளை லெக்கோன் என்னும் இனம் ஆண்டிலே 250 முட்டைக்கு மேலிடும் என்று கண்டேன். இத்தாலி நாட்டின் லிவோர்னோ என்னும் துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் தம் வாய்க்கேற்பத் திரித்தமையால் வந்த பெயர் அது. எங்கள் ஊர்க்கோழியோ பன்னிரண்டு முட்டையிடும்; பின்பு கேரத் தொடங்கும்; இருபத்தொரு நாள் அடைகிடக்கும்; அதன்பின் குஞ்சுகளோடு மாதக்கணக்காய்த் திரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நட்டம் என்று தோன்றியது. வைகாசியில் ஊரடங்கு தளர்ந்ததும் ஆறு லெக்கோன் பேடுகளை வாங்கி வந்தேன்.

வாங்கி வந்தது நண்பகல். கூட்டைத் திறந்து ஆறையும் உள்ளே விட்டு, ஒரேயொரு தட்டிலே தீனை வைத்துவிட்டு, ஏதோ பெருங்காரியம் முடித்தவன்போல் வந்து உட்கார்ந்தேன்.

கறுப்பி தொடங்கியது. ஒரு வெள்ளைக் கோழியின் பூவிலே இரத்தம் கண்டது. இரத்தத்தைக் கண்டதும் மற்றை ஊர்க்கோழிகளும் சேர்ந்தன. அதன்பின் நடந்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது. அந்தக் கோழியோடு ஒரே பெட்டியில் வந்த வெள்ளைக் கோழிகளும் சேர்ந்து அதனைக் கொத்தின. நான் ஓடிச்சென்று பிரித்தெடுத்து வேப்பெண்ணெய் தடவினேன். விடியற்காலையில் அது கிடந்த கிடை இன்னும் கண்ணில் நிற்கிறது.

தாயார் பார்த்தார். "தம்பி, அது தன்ர இடத்தைக் காத்தது. நீ ஏன் பகலிலை கொண்டுபோய் விட்டனி? இரவிலை கூட்டுக்கை வைச்சிருந்தால் விடிய எல்லாம் ஒண்டாய் இறங்கியிருக்கும்" என்றார்.

எழுத்தறிவு குறைந்த தாயாரின் சொல்லை நான் ஆராயவில்லை. கறுப்பி குணக்கேடான கோழி என்று தீர்ப்புச் செய்தேன். அக்கிழமையே, கோழி வாங்க வந்த வியாபாரியிடம் அதைக் கொடுத்தேன். அது எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவன் போல நின்றேன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கூட்டுப்பக்கம் போகாமல் இருந்தார்.

குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர். ஏவுவாரும் விலக்குவாரும் இல்லாமல் தாமே பொருது தாமே ஓயும் குப்பைக்கோழிகளை அவர் உவமையாகக் கூறியதனால் வந்த பெயர் அது. அந்தப் பாட்டையும் நான் பாடஞ் சொன்னவனே. தாமே ஓய்கின்றன என்ற இடத்திலே ஒரு முறையாவது நின்று சிந்தித்தேனா? குப்பைமேட்டிலே தோற்ற கோழிக்கு ஓட இடமுண்டு. என் கூட்டிலே அஃது இல்லை.

நோர்வே நாட்டிலே தோர்லைவ் ஷெல்டரப் எப்பே என்பவர் கோழிகளை ஆராய்ந்து 1922இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கோழிக் கூட்டத்துள்ளே கொத்துவதற்கு ஒரு வரிசை உண்டு என்பது அவர் கண்டது. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது முதலாவதை விட்டு மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கிச் சென்று, கடைக்கோழி எல்லாரிடமும் வாங்கும். கோழிகள் ஒன்றையொன்று முகமறியும். வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறையும். புதியது ஒன்று வந்தால் வரிசை குலையும். மறுபடி நிலைக்கச் சில நாள் செல்லும். இதனைப் படித்தபோது கறுப்பி போய் ஒரு வருடமாகிவிட்டது. அது கொத்தியது குணக்கேட்டினால் அன்று. ஆறு புதியவர்களை ஒரே நண்பகலில், ஒரே தட்டின் முன்னே கொண்டுவந்து நிறுத்தியவன் நான். போதாக்குறைக்கு, அன்று கறுப்பி அடைக்குக் கேரிக்கொண்டிருந்த காலம். அதையும் நான் கவனித்திலேன்.

கறுப்பி இல்லாத குறை அந்த ஆவணியிலே தெரிந்தது. லெக்கோன் முட்டையிட்டது உண்மை. நாள்தோறும் வெண்முட்டை. ஆனால் அடைகிடக்கவில்லை. அடைகிடக்கும் கோழி அந்நாட்களில் முட்டையிடாது. ஆதலால் முட்டையையே கருதியவர்கள் அடைகிடவாதவற்றையே தெரிந்து தெரிந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். தாய்மையைக் கொடுத்து முட்டையை வாங்கிய இனம் அது. உடல் இலேசு, மனமும் அப்படியே. நான் குடையை விரித்தால் எலுமிச்சையின் மேல் ஏறிவிடும்.

ஆகையால் வெண்முட்டைகளைப் புள்ளி என்ற ஊர்க்கோழியின் கீழ் வைத்தோம். புள்ளி சாது. கையால் தூக்கலாம். பதினொன்றில் ஒன்பது பொரித்தது. வானத்திலே பருந்தின் நிழல் தட்டியதும் புள்ளி முதலில் ஓடி வேலிக்கரையில் ஒளித்துக்கொள்ளும். குஞ்சுகள் முற்றத்தில் நிற்கும். பருந்துக்குச் சில, காகத்துக்கு ஒன்று, கீரிக்கு ஒன்று. மிஞ்சியவை மூன்று. முந்திய வருடம் கறுப்பி பத்துக் குஞ்சு பொரித்து எட்டை வளர்த்துத் தந்தது. அது கீரியின் முகத்திலே பாய்ந்ததை நான் கண்ணாற் கண்டவன். என் கணைக்காலிலே கொத்திய அலகுதான் அது.

ஒரு கோழியைக் கொண்டு ஓர் இனத்தை அளத்தல் பிழை என்பதையும் சொல்லவேண்டும். பின்னர் றோட் ஐலண்ட் றெட் என்னும் செந்நிறக் கோழிகள் மூன்று வாங்கினேன். அமெரிக்காவின் ஒரு மாநிலத்துப் பெயர். அம்மாநிலம் 1954இல் இதனைத் தன் பறவையாகவே சட்டத்தில் எழுதிக்கொண்டது. கபில முட்டை, அமைதியான இனம் என்பார்கள். இரண்டு அப்படியே இருந்தன. மூன்றாவது தட்டுக்கு முன்னால் ஒரு சண்டிராணி. நன்னூலார் மாணாக்கருக்கு அன்னம், கிளி, ஆடு, எருமை எல்லாம் உவமை சொன்னார், கோழியை விட்டுவிட்டார். ஒரு வகுப்பிலுள்ள முப்பது பேரும் முப்பது விதம் என்று சொல்ல நேர்ந்திருக்கும் என்று அஞ்சினார் போலும்.

இம்முறை அவசரப்படவில்லை. புதியவற்றை ஒரு கிழமை கம்பிவலைக்கு அப்பால் வைத்தேன். கண்டுகொண்டன, கொத்த முடியவில்லை. தீன் தட்டு மூன்று, தண்ணீர்ச் சட்டி இரண்டு, ஒன்றுக்கொன்று தூரமாக. எட்டாம் நாள் இருட்டியபின் பழைய கோழிகளின் நடுவே அவற்றை ஏற்றிவிட்டேன். விடிந்ததும் சில கொத்துகள், இரத்தம் இல்லை. தாயார் சொன்ன வழிதான், வலைமாத்திரம் புத்தகத்தினது.

2022இல் தீனுக்குத் தட்டுப்பாடு வந்தது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் பல. லெக்கோன்கள் மெலிந்தன; முட்டை நின்றது. ஊர்க்கோழிகளோ குப்பையைக் கிளறின, கறையானைத் தேடின, மாலையில் முருங்கையில் ஏறின. முட்டை குறைவுதான், ஆனால் நிற்கவில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தபோது எங்கள் வீட்டிலே கிழமைக்கு நாலைந்தாவது இருந்தது. நான் நட்டம் என்று எழுதிய கணக்குத்தாளைத் தேடிக் கிழித்தேன்.

கறுப்பி வளர்த்த எட்டினுள் ஒரு கரிய பேடு எங்களிடம் நின்றது. சென்ற தையிலே அது அடைகிடந்தது. முட்டை பார்க்கக் குனிந்தேன். புறங்கையிலே இரண்டு கொத்து. நான் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது திண்ணையிலிருந்து தாயார் கூப்பிட்டார். என்னை அன்று.

"கறுப்பி" என்றார்.

அந்தக் கோழிக்கு அதுவரை பெயர் இருக்கவில்லை.