காய்ந்தாலும் சாகாத செடி

பல்லாண்டுச் செடிகளை ஜப்பானியர் 'தனென்சோ' என்பர். 'த' என்றால் பல, 'நென்' ஆண்டு, 'சோ' பூண்டு. இவற்றுள் குளிர்காலத்தில் தழை முழுவதும் மடிந்து, வேர்ப்பகுதி மட்டும் மண்ணுக்குள் உயிரோடிருப்பவற்றுக்கு 'ஷுக்கொன்சோ', அதாவது வேரில் தங்கும் பூண்டு, என்று தனிப்பெயர். வெற்றிடம் என்றெண்ணிக் கொத்திவிட்டால் முதலுக்கே மோசம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பியோனிப் பூச்செடியான 'ஷக்குயக்கு' இவ்வகையே. மருந்து வேருக்காகப் பயிரிடுவோர் 4, 5 ஆண்டுகள் கழித்து இலையுதிர்காலத்தில் தோண்டுகின்றனர். பருத்த வேர்கள் விற்பனைக்குப் போகும். தூரை எறிவதில்லை, துண்டுக்கு 3 முதல் 5 முளைமொட்டுகள் இருக்குமாறு பிரித்து மீண்டும் நடுகின்றனர். இதன் பெயர் 'கபுவக்கே': 'கபு' தூர், 'வக்கே' பிரித்தல். மொட்டில்லாத துண்டு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைப்பது அரிது.