முதுமைக்கு வீடு பார்ப்பவர்கள் கோடை மதியத்தில் போய்ப் பாருங்கள்

வளைகுடா நாடுகளில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் திருச்சியின் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ பிழைக்கிறார்கள். ஊரில் அத்தாவும் அம்மாவும் மட்டும். பெரிய வீட்டைக் கட்டிக் காக்க முடியாமல் சிலர் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாற நினைக்கிறார்கள். சாப்பாடு, மருத்துவ உதவி, காவல் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும் முதியோர் குடியிருப்புகளைப் பற்றியும் சிலர் நம்மிடம் விசாரிக்கிறார்கள்.

முதியோர் இல்லம் என்ற சொல்லே நம்மவர்களுக்குக் கசப்பு. ஆதரவற்றவர்களைச் சேர்க்கும் இல்லம் வேறு. நம் பணத்தில் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ நம் வீடாக வாழும் குடியிருப்பு வேறு. எங்கே குடியிருந்தாலும் பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளைகளின் மேல் இருக்கிறது. அந்தக் கடமையின் ஒரு பகுதிதான், அவர்களுக்கு ஏற்ற வீட்டைப் பார்த்துக் கொடுப்பது.

முதல் கேள்வி வெயில்

"பாலைவன வெயிலையே பார்த்தாச்சு, திருச்சி வெயில் எம்மாத்திரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அறையிலும் வண்டியிலும் அலுவலகத்திலும் ஏசி ஓடியது. உடம்புக்கும் அன்று வயது முப்பத்தைந்து. இங்கே மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கரண்ட் போனால் எழுபது வயது உடம்பு என்ன செய்யும்? வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும், வியர்ப்பதும் குறையும். இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரை உடம்பின் நீரை இன்னும் வெளியேற்றும். அனல் வீசும் மூடிய அறையில் மின்விசிறி சூடான காற்றைத்தான் சுழற்றும்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் மார்கழிக் காலையிலோ மஃரிபுக்குப் பிறகோ போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் பகல் மூன்று மணிக்குப் போங்கள். விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கையறையில் கால் மணி நேரம் உட்காருங்கள். மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மறுபடியும் போய்த் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த சுவரும் கான்கிரீட் கூரையும் இரவில்தான் அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடும். தூக்கம் கெடுவது அதனால்தான்.

வீட்டில் பார்க்க வேண்டியவை இவை:

- மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தைத் தவிர்ப்பது நல்லது. அதுதான் கிடைக்கிறது என்றால், மாடியில் தட்டோடோ வெள்ளை கூலிங் டைல்ஸோ பதித்திருக்க வேண்டும்.
- படுக்கையறையின் வெளிச்சுவர் மேற்குப் பக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் சன்ஷேடோ மர நிழலோ வேண்டும்.
- எதிரெதிரே ஜன்னல் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.
- கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும்? லிப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள் விசிறிக்கும் உண்டா?
- கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியா?
- குளியலறையில் வழுக்காத தரை, பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல்.

தீனோடு வாழ வசதி

பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்பதை வண்டியில் அளக்காதீர்கள். நடந்து அளந்து பாருங்கள். கடும் வெப்பத்தில் ளுஹரைச் சற்றுத் தாழ்த்தித் தொழ நபிவழியில் இடம் உண்டு. ஆனாலும் நிழலில்லாத தெருவில் அரை கிலோமீட்டர் நடப்பது முதியவருக்குப் பெரிய தூரம். உட்கார்ந்தபடி ஒளு செய்ய வசதி உண்டா என்றும் பாருங்கள்.

முதியோர் குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையல் சைவம் மட்டுமே. அது அவர்கள் விதி. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டுக்குள் இறைச்சி சமைக்கலாமா, ரமலானில் ஸஹருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் கேட்க மறப்பது ஜனாஸாவைப் பற்றித்தான். நள்ளிரவில் மவுத் ஆனால் நிர்வாகம் யாருக்குச் சொல்லும்? குளிப்பாட்ட இடம் தருவார்களா? எந்தக் கபர்ஸ்தான்? பாலக்கரையில் பிறந்தவர் ஊருக்கு வெளியே குடிபோனால், பழைய ஜமாஅத்தில் சந்தாவைத் தொடர வேண்டும். இல்லையென்றால் புதிய மஹல்லாவில் பெயரைப் பதிய வேண்டும். இரண்டும் இல்லாமல் இருந்துவிட்டால், பிள்ளைகள் விமானம் ஏறி வருவதற்குள் இங்கே யார் முன்நிற்பது என்ற குழப்பம் வரும்.

கையெழுத்துக்கு முன்

புதிதாகக் கட்டும் குடியிருப்பு என்றால் ரெரா பதிவு எண் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஓய்வுக்கால வீடுகளுக்கென்று மத்திய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுபவர், பராமரிப்பவர், வாங்குபவர் ஆகிய மூன்று தரப்புக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், வைப்புத் தொகை என்றால் எத்தனை நாளில் திரும்பும், ஒருவர் மவுத்தானால் வாரிசுகளுக்கு என்ன சேரும், படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்ச் சொல் போதாது.

பழைய வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டுப் போக நினைப்பவர்கள் அவசரப்படாதீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கு கடினமாகும். ஹிபா என்பதால் மார்க்கச் சட்டமும் சேர்ந்து வரும். ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். பராமரிப்பு குறித்த உதவிக்கு முதியோர் உதவி எண் 14567. உடல் கொதித்து, பேச்சு குழறி, மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 108.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைப் படத்தில் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். கோடை விடுமுறையில் வரும்போது அத்தா, அம்மாவோடு அந்த அறையில் ஒரு மதியம் இருந்து பாருங்கள். அவர்கள் "எங்களுக்கு இது போதும்மா" என்றுதான் சொல்வார்கள். போதுமா என்று உங்கள் உடம்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.

நம்மை வளர்த்தவர்களின் கடைசிக் காலத்தை அல்லாஹ் நிழலும் நிம்மதியும் உள்ளதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.