ஒரு சிட்டிகை உரத்தில் காற்றும் கடலும்: கலஞ்சோ பற்றி இதெல்லாம் தெரியுமா?

நர்சரி வாசலில் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்குமே, தடித்த இலையோடு சின்னத் தொட்டியில் ஒரு செடி? அதுதான் கலஞ்சோ. ஆசையாக வாங்கி வருகிறோம். ஒன்றிரண்டு மாதத்தில் பூ காய்ந்துவிடுகிறது. பிறகு இலை மட்டும் தழைக்கிறது, பூவைக் காணோம். உடனே கை உர டப்பாவைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்! இந்தச் செடி எதைத் தின்கிறது, எவ்வளவு தின்கிறது, எதைப் பார்த்துப் பூக்கிறது என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள்.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவின் வடக்கே உள்ள ட்சாரட்டனானா மலைப்பகுதி. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகர விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1934-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: கலஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா. பிறகு உலகம் முழுக்க ஜன்னலோரத்தில் இடம்பிடித்துவிட்டது!

சரி, ஒரு செடி மண்ணிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்? இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் 400 ஆண்டுகளுக்கு முன் இதை எடை போட்டே பார்த்தார். உலர்த்திய மண் 200 பவுண்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று. 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்து நின்றது. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ்! இன்றைய கணக்கில் 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு, 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றில் உள்ள கரியமில வாயுவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. நாம் போடும் உரம் எல்லாம் அந்த 2 அவுன்ஸை ஈடுகட்டத்தான். ஒரு மரத்துக்கே அவ்வளவுதான் என்றால், உள்ளங்கை அகலத் தொட்டியில் நிற்கும் கலஞ்சோவுக்கு?

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். உரக்கடையில் 19:19:19 என்று ஒரு பொட்டலம் கேட்டால் தருவார்கள். தண்ணீரில் முழுக்கக் கரையும் உரம். முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல்சத்து (பொட்டாசியம்). இதில் தழைச்சத்து காற்றிலிருந்து பிடித்தது! ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்க, 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. மணிச்சத்தோ பாறை. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மொராக்கோவின் வசம் இருக்கிறது. அது பழைய கடலடியில் படிந்த படிவு. அந்தச் சுரங்கங்களில் இன்றும் சுறாப் பற்களும், டைனோசர் காலத்துக் கடல் பல்லிகளின் எலும்புகளும் அள்ள அள்ளக் கிடைக்கின்றன. சாம்பல்சத்து? கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்கு அடியில், 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் உப்பிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது அதன் பெரும் ஊற்று. ஒரு சிட்டிகைக்குள் காற்று, சுறா நீந்திய கடல், வற்றிய கடல்!

அந்த எண்களுக்குள்ளும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 19:19:19 என்றால் மூன்றும் சரிசமம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லவே இல்லை. மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஆக்சைடு கணக்கில் எழுதுவது உர உலகின் பழைய வழக்கம். தனிமமாகப் பிரித்துப் பார்த்தால் நைட்ரஜன் 19 சதவீதம், பொட்டாசியம் 16-க்குச் சற்றுக் குறைவு, பாஸ்பரஸ் வெறும் 8.3!

தழைச்சத்து கூடினால் கலஞ்சோ என்ன செய்யும் தெரியுமா? இலையைப் பெரிதாக்கும், தண்டை நீட்டும், பூப்பதை மறந்தே போகும். 46 சதவீத நைட்ரஜன் உள்ள யூரியாவை இந்தத் தொட்டியில் கொட்டுவது வேண்டவே வேண்டாம். எந்த உரமும் அளவு மீறினால் உப்புதான். மண்ணீரில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். தொட்டி நிறைய ஈரம் இருக்க, செடி தாகத்தில் வாடும். ஊறுகாய்க்கு உப்பில் போட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே கதை. மண் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் அது எச்சரிக்கை. தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடித் துளை வழியாக உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

நர்சரியிலிருந்து வந்த தொட்டியின் மண்ணைக் கிளறினால் மஞ்சளாகச் சின்னச் சின்ன உருண்டைகள் கிடைக்கும். நத்தை முட்டை என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் நிறையப் பேர். அது உரம்! மெல்லிய உறைக்குள் அடைத்து, மாதக்கணக்கில் மெதுவாகக் கசியும்படி செய்தது. இத்தகைய உருண்டைகளில் ‘6 மாதம்’ என்று போட்டிருந்தால் அது பொதுவாக 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கான கணக்கு. நம் சித்திரை வெயிலில் அது வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆனாலும் புதிதாக வாங்கிய செடிக்கு உடனே உரம் தேவையில்லை, ஏற்கெனவே சாப்பாடு உள்ளே இருக்கிறது. வாழைப்பழத்தோலும் முட்டை ஓடும் மக்கிய பிறகு தாராளமாகப் போடலாம். பச்சையாக மேலே போட்டால் கொசு போன்ற பூச்சிதான் மொய்க்கும்.

கலஞ்சோ குடும்பத்தின் மிகப் பெரிய ரகசியத்தைக் கவனித்தவர் நம் பக்கம் வாழ்ந்தவர் என்றால் நம்புவீர்களா? மொரேவிய சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைனே. கலஞ்சோவின் உறவான ரணகள்ளியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசந்தது! லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் இது அச்சானது. காரணம் பின்னால் தெரிந்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்க, இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன, பகல் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன. இப்படிச் சிக்கனமாக வாழும் செடிக்கு உரமும் கொஞ்சம் போதும்தானே? (நீங்கள் மென்று பார்க்காதீர்கள். இதில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. நாய், பூனை, ஆடு மாட்டுக்கும் எட்டாமல் வையுங்கள்.)

அப்படியென்றால் பூ? அது உரத்தால் வருவதில்லை, இரவால் வருகிறது! கலஞ்சோ நீண்ட இருட்டை அளந்து பூக்கும் செடி. தினமும் 14 மணி நேரம், சுமார் 6 வாரம் இருட்டு கிடைத்தால் மொட்டு வைக்கும். நடு இரவில் சில நிமிட வெளிச்சம் பட்டாலே கணக்கு கலைந்துவிடும். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்த கலஞ்சோ ஏன் பூப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? ராத்திரி 11 மணி வரை ட்யூப்லைட் எரிகிறது. செடிக்கு அது முடியாத கோடைக்காலம். மாலை 6 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியால் மூடி, காலை 8 மணிக்கு எடுத்துப் பாருங்கள். பகலில் மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும்.

இதிலும் ஓர் அதிசயம்! ரிச்சர்ட் ஹார்டர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் ஒரு கலஞ்சோவின் ஒரே ஓர் இலைக்கு மட்டும் நீண்ட இரவு கிடைக்கச் செய்தார். அந்த இலை இருந்த பக்கத்துக் கிளைகள் பூத்தன! இலையில் உருவான ஏதோ ஒன்று நுனிக்குப் பயணப்பட்டுப் ‘பூ’ என்று சொல்லியிருக்க வேண்டும். சோவியத் அறிஞர் சைலாக்யான் 1930-களிலேயே அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயரிட்டிருந்தார். அது ஒரு புரதம் என்பதற்கான உறுதியான சான்று 2007-ல்தான் வந்தது. சான்று தந்த இரண்டு செடிகளில் ஒன்று நெல்!

அந்த 6 வாரமும் உரப் பொட்டலத்தைத் தொட வேண்டாம், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். மொட்டுக் கொத்து கண்ணில் பட்டதும் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் 19:19:19 கரைத்து, முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மாதம் ஒரு தடவை போதும். பூ காய்ந்ததும் காம்பை ஒட்ட நறுக்கி, புதுத் துளிர் வந்த பிறகு இதே அளவில் மறுபடி தொடங்கலாம்.