நண்பனின் வீடு எங்கே? விளங்காத படங்கள் ஏன் மனதில் நிற்கின்றன

ஹட்டனில் மழை விடாத ஓர் இரவு, தங்கையின் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'பாப் அஸீஸ்' என்ற படத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் பொறுத்திருந்த சின்னவன் கேட்டான்: "மாமா, படம் இன்னும் தொடங்கல்லயா?" பெரியவன் கடைசிவரை இருந்தான். ஒன்றும் விளங்கவில்லை என்றான். ஆனால் மறுநாள் காலை அவன் பேசியதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான். விளங்காத ஒன்று ஏன் இப்படி மனதில் தங்குகிறது?

துனீசிய இயக்குநர் நாசிர் கெமீர் 2005இல் எடுத்த படம் அது. பார்வையிழந்த முதிய தர்வேஷ் ஒருவர், பேத்தி இஷ்தாருடன் பாலைவனத்தில் நடக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் தர்வேஷ்களின் சபைக்குப் போக வேண்டும். சபை எங்கே கூடும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

பாரசீகக் கவிஞர் அத்தாரின் 'பறவைகளின் மாநாடு' தெரிந்தவர்களுக்கு அந்த முப்பது என்ற எண் உடனே பிடிபடும். அதில் சீமுர்க் என்ற அரசனைத் தேடிப் பறவைகள் புறப்படுகின்றன. போய்ச் சேர்பவை முப்பதே. பாரசீகத்தில் 'சீ முர்க்' என்றாலே முப்பது பறவைகள்தான். தேடியவர்கள் கடைசியில் காண்பது தங்களையே. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் வெறும் தகவல். ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்த பிறகு கேட்டால் அது அனுபவம். மெதுவான படங்கள் நம்மைக் காக்க வைப்பதும் இதற்காகத்தான்.

நமக்கும் இது புதிதல்ல. 1792இல் பிறந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு இறைவனை மனோன்மணி என்று காதலியாக்கி அழைத்தார். முதல்முறை கேட்பவருக்கு யாரை அழைக்கிறார் என்றே தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் உள்ளே இறங்கும். நம் பெரியவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' இன்னும் எளிமையானது. அதன் தலைப்பு சொஹ்ராப் செபெஹ்ரியின் கவிதையிலிருந்து வந்தது. சூஃபிக் கவிதையில் நண்பன் என்பது இறைவனையும் குறிக்கும். இப்ராஹீம் (அலை) அவர்களைக் 'கலீலுல்லாஹ்', அல்லாஹ்வின் தோழர், என்று நாம் சொல்வதில்லையா? ஆனால் படத்தில் இறைவனைப் பற்றிய பேச்சே இல்லை. அஹ்மத் என்ற சிறுவன் வகுப்புத் தோழனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். அந்தக் கொப்பியில் பாடம் எழுதாமல் போனால் தோழனைப் பள்ளியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதைக் கொடுக்க, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். தோழனைக் காணாமலே திரும்பி, அவனுடைய பாடத்தையும் தானே எழுதி மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோகிறான். பெரியவன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம தோட்டத்துப் பாதை மாதிரியே இருக்கு" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக நகர்வதாலேயே ஒரு படம் ஆழமாகிவிடாது. பனிமூட்டமும் தேயிலைச் சரிவும் ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அமைதி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த நாளில் மெதுவானது எதுவுமில்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான். அவளை வெறும் காட்சியாக்கும் படத்துக்கு எந்த ஞானியின் பெயரைச் சூட்டினாலும் அது அழகிய போஸ்ட்கார்ட் மட்டுமே.

சினிமா கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் படமும் திக்ருக்கு ஈடாகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கையில் இருக்கும் ஃபோனில் பத்து வினாடிக்கு ஒன்றாகத் தள்ளிவிடப் பழகிய பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம் ஒரு சிறுவனின் கவலையோடு இருந்தார்கள். அதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

அஹ்மதின் தேடல் ஒரு கொப்பியில் முடிகிறது. ஹட்டனில் கடை வைத்திருக்கும் நாம், புதுத் தவணை தொடங்கும்போது நம் கடைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளையிடம் கொப்பி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோமா? நண்பனின் வீட்டுக்கு வழி அங்கிருந்தும் தொடங்கலாம்.