கீரைதான் உணவு, முட்டை துணை

ஈரானில் புத்தாண்டு மார்ச் 20 அல்லது 21-ல், இரவும் பகலும் சமமாகும் வசந்த நாளில் பிறக்கிறது. அதற்கு நவ்ரூஸ், அதாவது 'புது நாள்' என்று பெயர். அன்றைய விருந்தில் கீரை சேர்த்த சோறும் மீனும் இருக்கும். கூடவே கீரையும் முட்டையும் சேர்த்துச் செய்யும் கூக்கூ சப்ஸியும் இடம்பெறும். 'சப்ஸ்' என்றால் பாரசீகத்தில் பச்சை. வட இந்தியர்களின் 'சப்ஜி'யும் இந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான். பச்சிலை துளிர்ப்புக்கு அடையாளம், முட்டை புது உயிருக்கு அடையாளம்.

கூக்கூ சப்ஸி பார்த்தால் கனமான ஆம்லெட் போலிருக்கும். ஆனால் ஆம்லெட்டில் மல்லித்தழையை ஒரு கை தூவுவதோடு சரி. இதில் கீரையே உணவு. அதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் முட்டை.

நான்கு பேருக்கு: கொத்தமல்லி, பார்ஸ்லி, சதகுப்பைக் கீரை, வெங்காயத்தாள், ஒவ்வொன்றும் பொடியாக நறுக்கியபின் ஒரு கப். முட்டை 5. காய்ந்த வெந்தயக்கீரை ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கோதுமை மாவு ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள். பல வீடுகளில் உடைத்த வால்நட்டும் 'ஸெரெஷ்க்' என்னும் சின்னஞ்சிறு புளிப்புப் பழமும் சேர்ப்பார்கள். கிழக்கே தெற்கு கொராசான் பகுதியில் பெருமளவு விளைவது இந்தப் பழம். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

பக்குவம் ஈரத்தில்தான் இருக்கிறது. முதல் முறை கழுவிய கையோடு நறுக்கிப் போட்டேன். தண்ணீர் விட்டு, திருப்பும்போது துண்டு துண்டாக உடைந்தது. இப்போது கழுவிய கீரையைத் துணியில் பரப்பி நன்றாக உலர விடுகிறேன். நறுக்கக் கத்திதான் சரி; மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும்.

முட்டையை அடித்து, எல்லாவற்றையும் கலந்தால் கரண்டியில் இருந்து மெல்ல விழும் பச்சை மாவாக வரும். அகலமான வாணலியில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் ஊற்றிப் பரப்புங்கள். மூடிபோட்டு, சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓரம் விட்டு, மேல்பகுதி இறுகியதும் நான்காக வெட்டி, ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். அடுத்த பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். வெளியே கரும்பச்சையாக முறுகியிருக்கும்; வெட்டிப் பார்த்தால் உள்ளே இளம்பச்சை.

சூடாகவும் சாப்பிடலாம், ஆறிய பிறகும் சாப்பிடலாம். ஈரானியர்கள் மெல்லிய ரொட்டியில் சுருட்டி, தயிரோ ஊறுகாயோ தொட்டுக்கொள்கிறார்கள். கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். கீரையின் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் அது வெறும் ஆம்லெட்.