கார்ப்பெட் தூசியைத் தட்டி எடுக்கும் சுழல் பிரஷ்: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்!



நம்ம குழு உறுப்பினர்கள் பலர் இன்று கல்யாண மண்டபம், லாட்ஜ், அலுவலகம் என்று சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறார்கள். சில குழுக்கள் ஒன்று சேர்ந்து ஒப்பந்தமாகவே வேலையை எடுத்துச் செய்கின்றன. "தரையைக் கூட்டித் துடைச்சிடுறோம் அக்கா, இந்தக் கார்ப்பெட்டும் சோபாவும்தான் பெரிய தலைவலி" என்று பேச்சு வரும். வேக்குவம் கிளீனரைப் போட்டு அரை மணி நேரம் இழுத்த பிறகும், மேனேஜர் காலால் ஒரு தட்டு தட்டினால் தூசி கிளம்பும். "என்னம்மா வேலை பார்த்தீங்க?" என்பார். கூலியில் கை வைப்பார்.

தப்பு வேலை செய்தவர்மேல் இல்லை. சாதா முனை மட்டும் போட்டு உறிஞ்சினால் கார்ப்பெட்டின் அடியில் இருக்கும் மண் வராது. அதற்கென்றே ஒரு தனி இணைப்பு இருக்கிறது. கடையில் "டர்போ பிரஷ்" அல்லது "பவர் பிரஷ்" என்று கேட்டால் தருவார்கள். நாம் சுழல் பிரஷ் என்று சொல்லிக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, குழுப் பணத்தில் வாங்கலாமா என்று பார்ப்போம்.

உறிஞ்சினால் மட்டும் ஏன் போதாது?

நம்ம வீட்டு ஜமக்காளத்தை எப்படிச் சுத்தம் செய்வோம்? கொடியில் போட்டு கம்பால் நாலு தட்டு தட்டுவோம். நூலோடு ஒட்டிக்கிடக்கும் மண் அந்த அடியில் விட்டு வெளியே வரும். கார்ப்பெட்டுக்கும் இதே தட்டுதான் வேண்டும். ஆனால் தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டை எடுத்துக் கொடியில் போட முடியாதே!

கார்ப்பெட்டில் நூல்கள் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். லேசான தூசியும் முடியும் மேலே தங்கும். கனமான மணல் நூலுக்கு நடுவே இறங்கி அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆட்கள் நடக்க நடக்க இன்னும் ஆழமாக இறங்கும். மணல் துகளுக்குக் கூர் உண்டு. மிதிக்கும்போதெல்லாம் அது நூலின் அடியை அறுக்கும். நடைபாதையில் மட்டும் கார்ப்பெட் சீக்கிரம் மழுங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழல் பிரஷ்ஷுக்குள் ஒரு உருளை இருக்கிறது. அதில் முடி முடியாகப் பிரஷ் வரிசை இருக்கும். சிலவற்றில் தட்டுவதற்கென்றே கடினமான பட்டையும் இருக்கும். உருளை வேகமாகச் சுற்றும்போது நூலைப் பிரித்து, தட்டி, அடி மண்ணை மேலே கிளப்பும். கிளம்பிய மண்ணை அந்த நொடியே குழாய் உறிஞ்சிக்கொள்ளும். தட்டுவது பிரஷ், எடுப்பது காற்று. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா?

அமெரிக்காவில் 1876ல் மெல்வில் பிஸ்ஸல் என்பவர், தள்ளிக்கொண்டே போனால் கார்ப்பெட் தூசியைப் பிரஷ்ஷால் கூட்டி எடுக்கும் கைவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1889ல் அவர் இறந்த பிறகு அவர் மனைவி அன்னா பிஸ்ஸல் கம்பெனியைக் கையில் எடுத்து நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பெண் தலைமை என்பது அங்கேயே புதுமை.

அதே நாட்டில் ஒஹாயோ மாநிலம், கேன்டன் ஊரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்று ஒருவர் கடையில் துப்புரவு வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட் கூட்டும்போது கிளம்பும் தூசி அவர் மூச்சைப் பிடித்தது. 1907ல் ஒரு மின் மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து, சுழலும் பிரஷ்ஷும் வைத்து ஒரு கருவி செய்தார். தலையணை உறைதான் தூசிப் பை! 1908ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதில் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தியவர் சூசன் ஹூவர் என்ற பெண்மணி. அவர் சொன்னதைக் கேட்டு அவர் கணவர் வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கித் தொழில் தொடங்கினார். 1926ல் ஹூவர் கம்பெனி, உருளையில் தட்டும் பட்டையையும் சேர்த்தது.

பார்த்தீர்களா, பெரிய படிப்பு படித்தவர் இல்லை, துடைப்பம் பிடித்த ஒரு தொழிலாளிதான் தன் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் செய்தார். வேலை செய்பவருக்குத்தான் வேலையின் கஷ்டம் தெரியும்.

இரண்டு வகை

1. காற்றில் சுற்றும் பிரஷ்: இதற்குத் தனி மோட்டார் இல்லை. உறிஞ்சும் காற்று உள்ளே இருக்கும் சின்ன விசிறியைச் சுற்றும், விசிறி உருளையைச் சுற்றும். விலை குறைவு. ஆனால் தூசிப் பை நிறைந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ காற்று குறையும், பிரஷ்ஷும் சோர்ந்துபோகும். பிரஷ் மெதுவாகச் சுற்றினால் முதலில் பையைப் பாருங்கள்.

2. மோட்டார் உள்ள பிரஷ்: பிரஷ்ஷுக்கென்றே ஒரு மோட்டார் உண்டு. கனமான கார்ப்பெட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் குழாய் வழியாக மின்சாரம் வர வேண்டும் என்பதால், அதற்கென்றே செய்த கிளீனரில் மட்டும்தான் பொருந்தும்.

சோபா, மெத்தை, துணி நாற்காலிக்குக் கையளவு சின்ன சுழல் பிரஷ்ஷும் கிடைக்கிறது.

எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

போடலாம்: நூல் வெட்டி நிமிர்ந்து நிற்கும் கார்ப்பெட், மண்டபத்து மேடைக் கார்ப்பெட், கெட்டியான துணி சோபா, மெத்தை.

போடக்கூடாது: பட்டு, ஜரிகை, எம்பிராய்டரி வேலை உள்ள துணி, நூல் பிரிந்து தொங்கும் சோபா, ரெக்ஸின், தோல் இருக்கை, குஞ்சம் வைத்த ஓரம், நீள முடி மாதிரி இருக்கும் கார்ப்பெட். நூல் உருளையில் சுற்றிக்கொண்டு பிய்த்துவிடும். வளையம் வளையமாக நூல் உள்ள கம்பளிக் கார்ப்பெட்டிலும் வேண்டாம், நூல் எழும்பி அழகு கெடும்.

டைல்ஸ், மார்பிள் போன்ற வெறுந்தரையிலும் வேண்டாம். அங்கே சுழல் பிரஷ் மண்ணை நாலா பக்கமும் வீசும், மணல் சிக்கினால் கீறலும் விழும்.

பவானி ஜமக்காளம் போன்ற தட்டை நெசவுக்கு இது தேவையே இல்லை. அதில் நிமிர்ந்து நிற்கும் நூல் கிடையாது. வெளியே கொண்டுபோய்த் தட்டி உதறினால் போதும்.

சந்தேகமாக இருந்தால் கண்ணில் படாத ஒரு மூலையில் 10 விநாடி ஓட்டிப் பாருங்கள். நூல் எழும்பவில்லை, நிறம் மங்கவில்லை என்றால் மேற்கொண்டு செய்யலாம்.

ஓட்டும் முறை

* முதலில் கையால் பொறுக்குங்கள். மண்டபத்தில் ஊக்கு, குண்டூசி, சில்லறைக் காசு, தென்னங்குச்சி எல்லாம் கிடக்கும். இவை உள்ளே போனால் உருளை நிற்கும், பெல்ட் அறுந்துபோகும்.
* பிறகு சாதா முனையால் ஒருமுறை உறிஞ்சுங்கள். அட்சதை அரிசி, பூ இதழ் போய்விடும். குங்குமம், மஞ்சள் தூள் சிந்திய இடத்தில் இது ரொம்ப முக்கியம். தூள் கிடக்கும்போதே சுழல் பிரஷ்ஷை ஓட்டினால் நிறத்தை நூலுக்குள் தேய்த்துவிட்ட மாதிரி ஆகும்.
* இப்போது சுழல் பிரஷ். மெதுவாக முன்னே தள்ளி, அதைவிட மெதுவாகப் பின்னே இழுக்க வேண்டும். ஒரே இடத்தை 3, 4 முறை ஓட்டுங்கள். பிறகு குறுக்காக ஒருமுறை. அவசரமாக இழுத்தால் தட்டிய மண்ணை உறிஞ்ச நேரம் இருக்காது.
* அழுத்தாதீர்கள். பிரஷ் நூலைத் தொட்டால் போதும். அழுத்தினால் உருளை திணறும்.
* ஒரே இடத்தில் நிறுத்திவைத்து ஓடவிடாதீர்கள். அந்த இடம் தேய்ந்துபோகும்.
* சுவரோரம், சோபா இடுக்கு ஆகியவற்றுக்கு ஒல்லி முனையைப் போடுங்கள். சுழல் பிரஷ் அங்கே எட்டாது.
* முடிந்ததும் விரலால் நூலை விலக்கி அடியைப் பாருங்கள். மணல் தெரிந்தால் இன்னொரு சுற்று.

ஈரம் கூடவே கூடாது. சாம்பார், பாயசம் கொட்டிய இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே கிளீனரைக் கொண்டுபோக வேண்டும். சாதா கிளீனரில் தண்ணீர் போனால் மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கலாம். ஊதுவத்தி, கற்பூரம், ஹோமக் குண்டத்துச் சூடான சாம்பலை உறிஞ்சினால் பை தீப்பிடிக்கும்.

நம்ம உடம்பு முக்கியம்

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாகக் கட்டுங்கள், தாலிச் செயினை ரவிக்கைக்குள் விடுங்கள். சுற்றும் உருளைக்கு முடி, துணி என்ற வித்தியாசம் தெரியாது. பிரஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் சுவிட்சை நிறுத்தி பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். வயரை நேராகச் சொருகித் தீக்குச்சி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். மூன்று கம்பி பிளக் உள்ள மெஷினுக்கு எர்த் உள்ள பாயிண்ட்தான் வேண்டும்.

தூசிப் பையை வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூக்கு வாயை மூடிக்கொண்டு கொட்டுங்கள். மெத்தை, கார்ப்பெட் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் கழிவும் கலந்திருக்கும். ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆகாது. அப்படிப்பட்ட சகோதரியைப் பை கொட்டும் வேலைக்கு அனுப்பாதீர்கள். முகக்கவசம் கேட்பது சலுகை இல்லை, வேலை கொடுப்பவர் தர வேண்டிய பாதுகாப்பு.

பராமரிப்பு

உருளையில் சுற்றிய முடியையும் நூலையும் வேலை முடிந்த அன்றே கத்தரியால் வெட்டி எடுங்கள். விட்டுவிட்டால் இரு முனையிலும் இறுகி உருளை நின்றுபோகும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். உருளை சிக்கியிருக்கும், அல்லது பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். பிரஷ் முடி தேய்ந்து குட்டையாகிவிட்டால் தட்டு விழாது, உருளையை மாற்ற வேண்டியதுதான்.

குழுவில் வாங்கலாமா? கணக்குப் போடுவோம்

கடைக்குப் போகும்போது உங்கள் கிளீனரின் குழாயைக் கையோடு கொண்டுபோங்கள். 32 மி.மீ., 35 மி.மீ. என்று அளவுகள் வேறுபடும். பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெல்ட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

இணைப்பின் விலை 2,400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 6 நாள் கார்ப்பெட் வேலை, நாளுக்குக் கூடுதலாக 100 ரூபாய் என்றால் 600 ரூபாய் வரும். பை, பெல்ட், முகக்கவசம், போக்குவரத்துக்கு 200 போனால் மிச்சம் 400. 6 மாதத்தில் முதல் திரும்பும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபம் பூட்டிக்கிடக்கும். அந்த மாதங்கள் நடுவில் வந்தால் 6 மாதம் 8 மாதமாகிவிடும். அதற்கேற்ற மாதிரி தவணையைப் போடுங்கள். கையில் ஒப்பந்தம் இல்லாமல் "வேலை வரும்" என்ற நம்பிக்கையில் மட்டும் கடன் எடுக்காதீர்கள்.

மின்சாரச் செலவையும் பாருங்கள். 1,400 வாட் கிளீனர் முழு வேகத்தில் 1 மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட் ஆகும். அதை மண்டபம் ஏற்குமா, நாம் ஏற்பதா என்று முன்பே பேசிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை:

1. எத்தனை கார்ப்பெட், எத்தனை சோபா, எத்தனை நாளுக்கு ஒருமுறை.
2. மெஷின் யாருடையது, பழுதானால் யார் செலவு.
3. மின்சாரம், பை, முகக்கவசம் யார் பொறுப்பு.
4. ஏற்கெனவே கிழிந்த, கறைபட்ட இடங்கள் எவை.

நாலாவதை மறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் மேனேஜரையும் கூட வைத்துக்கொண்டு செல்போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். "நீங்கதான் கிழிச்சீங்க" என்று பிறகு கூலியைப் பிடிக்க இடம் இருக்காது.

வேறொருவரிடம் கூலிக்குப் போகிறவர்கள் இந்த இணைப்பைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியதில்லை. "சாதா முனையில் அடி மண் வராது சார், டர்போ பிரஷ் வாங்கிக் கொடுங்க, கார்ப்பெட்டும் ரொம்ப நாள் உழைக்கும்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். காரணம் சொல்லிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். சுத்தம் செய்யும் வேலைக்குப் போகும் சகோதரிகள் எந்த மண்டபத்தில் என்ன மெஷின், என்ன முனை இருக்கிறது என்று சொல்லட்டும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வாங்குவதா வேண்டாமா என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள்.